ஈரச் சாக்கு

என் சமையலறை அலமாரியில் நல்லெண்ணெய்ப் புட்டி ஓர் இரும்பு வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கைக்கு அடக்கமான வளையம்தான், ஆனால் தூக்கினால் கனக்கும். வெளிப்புறம் வழவழப்பாக, ஒரு பக்கம் மட்டும் மயில்கழுத்து நீலம் ஓடியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதைக் கையில் எடுத்துப் பார்த்து, பழைய இரும்பை எதற்கம்மா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதுண்டு. வண்டிச் சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கின் உள்வளையம் என்பேன். அடுக்களையில் அதற்கு என்ன வேலை என்றால், புட்டி ஆடாமல் நிற்க என்பேன். பொய் ஒன்றுமில்லை. ஆனால் அது எப்படி வண்டியை விட்டு வெளியே வந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதைக் கழற்றியவர் என் வீட்டுக்காரர். வண்டி, எந்திரம் எல்லாம் கழற்றிப் பூட்டுகிறவர் என்பதால் மலாக்காவில் அவரை எல்லோரும் பிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது என்பதால், எனக்கும் அந்தப் பட்டம் வசதியாகப் போயிற்று. அங்கே காஜா பேராங் என்ற பகுதியில் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் வேலை. பட்டறைக்குப் பின்னாலேயே பலகைச் சுவர் வைத்த ஒரு வீட்டைக் குடியிருக்கக் கொடுத்திருந்தார்கள். மன்னார்குடிப் பக்கம் ஏழு பேர் நிறைந்த வீட்டிலிருந்து கல்யாணமான மூன்றாம் மாதம் கப்பலேறி வந்தவள், அந்த வீட்டில் பகல் முழுக்கச் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாள்கூடக் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. பேசியதும் இல்லை, அதுதான் விஷயம். மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு வருவார், சாப்பிடுவார், "போதும்" என்பார். ஒரு நாளைக்கு அந்த ஒரு சொல்லோடு சரி.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மா இருந்தார். நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலைத் தோரணம், முகம் அச்சு அசல் என் சித்தி முகம். வந்த மறுநாளே ஓடிப்போய், எந்த ஊர் உங்களுக்கு என்று தமிழில் படபடவென்று கேட்டுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரம்பரை பரம்பரையாக மலாக்காவிலேயே இருக்கும் அவர்களுக்குத் தமிழ் போய் மலாய் வந்து எத்தனையோ காலமாயிற்றாம். சித்தியே வந்து என் பேச்சு புரியவில்லை என்று சொன்னது போல் இருந்தது எனக்கு. பின்பக்கம் துணி காயப்போடும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "சோராங் சாஜா?" என்று கேட்பார். தனியாகவா இருக்கிறாய் என்று அர்த்தம். நான் கற்றுக்கொண்ட முதல் மலாய் வார்த்தைகள் அவைதான்.

அழுதேன் என்பதை மறைப்பதற்கில்லை. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு தினமும் அழுதேன். இரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சாப்பிட்டு முடித்து, "ஒங்க அண்ணனுக்கு எழுதிட்டேன். கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வா" என்றார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது. என்னைத் தொல்லை என்று நினைத்துத்தானே அனுப்பப் பார்க்கிறார் என்று, "சரி" என்றேன். அவர் தட்டில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அழுததற்குக் காரணம் ஊர் ஞாபகம் மட்டும் இல்லை, எதிரில் உட்கார்ந்திருந்த மனுஷனும்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம்.

கிள்ளான் துறைமுகத்தில் கப்பல். துணைக்கு, அதே கப்பலில் போகிற குருபோங் ஊர்க் குடும்பம் ஒன்று. பெட்டிகளோடு எல்லோரையும் முதலாளியின் பழைய வேனில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. முதலாளி தாராளமாகச் சம்மதித்துவிட்டார். இரண்டு நாளுக்கு முன்னால் பெட்டிகளை எடுத்துவரக் குருபோங் போன வேன், திரும்பி வரும்போது முன்சக்கரம் ஓலமிட்டுக்கொண்டே பட்டறைக்குள் வந்து சேர்ந்தது. பேரிங் நொறுங்கி, உருளைகள் எல்லாம் உதிர்ந்து, உள்வளையம் மட்டும் அச்சைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. அது வெளியே வந்தால்தான் புதுசு போட முடியும். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயம். ஊரில் இருந்த டாக்சி அத்தனையும் கொண்டாட்டத்துக்குப் பேசப்பட்டுவிட்டது. இந்த வேன் ஓடாவிட்டால் எனக்குக் கப்பல் இல்லை. அடுத்த கப்பல் வருவதற்குள் எங்களில் யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவோம் என்று எனக்குள் ஒரு நப்பாசை.

சுதந்திர நாளன்று பட்டறையில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் திடலுக்குப் போய்விட்டார்கள். காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தெங்கேராவில் தெரிந்த பட்டறைக்குச் சைக்கிளில் போய், நகம் மாட்டி வளையத்தை இழுத்தெடுக்கும் பெரிய புல்லர் ஒன்று கேட்டு வாங்கிவந்தார். வளையம் அச்சின் அடியோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அதன் நகம் மாட்டப் பிடி கிடைக்கவில்லை. உளி வைத்து வெட்டலாம் என்றால், அச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அச்சே வீண். பத்து மணி இருக்கும், பின்கதவைத் திறந்து, "கொஞ்சம் வரியா? ஒரு கை பத்தல" என்றார். அந்தப் பட்டறைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான்.

வேலை இதுதான். வளையத்தை மட்டும் கேஸ் நெருப்பால் சூடாக்க வேண்டும், அது கொஞ்சம் விரியும். அச்சு சூடாகக் கூடாது. சூடானால் அதுவும் சேர்ந்து விரிந்து, பிடி அப்படியே இருக்கும். அதனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அச்சுமுனையில் ஈரச் சாக்கைச் சுற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனையையும் விளக்கிச் சொல்லிவிட்டு, "ஈரம் காயக்கூடாது, அவ்ளோதான்" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருப்பைப் பற்றவைத்தார். நீல நாக்கு வளையத்தைச் சுற்றிச் சுற்றி நக்கியது. சாக்கிலிருந்து ஆவி வந்தது. அவர் முகம் என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக இறங்கியது. அப்போதுதான் தோன்றியது, இந்த வளையம் வெளியே வந்தால் நான் போய்விடுவேன் என்று. சாக்கை மெதுவாக உருவி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் கவனமெல்லாம் நெருப்பில். நெருப்பை அணைத்துவிட்டு வளையத்தின் பின்விளிம்பில் உளியை வைத்து நாலு அடி அடித்தார், அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். மடியில் கிடந்த சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடுகிறேன் என்று நான் உட்கார்ந்திருந்தேன். அவர் உளியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் ஆறுவதற்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். ஆளுக்கொரு டயர்மேல் உட்கார்ந்தோம். டவுன் பக்கமிருந்து பேண்டு சத்தமும் "மெர்டேக்கா, மெர்டேக்கா" என்ற சுதந்திரக் கூச்சலும் காற்றில் வந்துகொண்டிருந்தன. ஊரே கூடிக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவர்தான் பேசினார். "கப்பல்ல தல சுத்துனா எலுமிச்சங்காய மோந்துக்க. நாலு வாங்கி வச்சிருக்கேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுபடி தொடங்கும்போது சாக்கை அவரே நனைத்து, அச்சில் சுற்றி, கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார். என் கைக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டார். "நீ தள்ளி நின்னு தண்ணி மட்டும் ஊத்து" என்றார். கிண்ணம் கிண்ணமாக ஊற்றினேன். போ என்கிறார், போய்த் தொலைகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். சரியான நேரத்தில் நெருப்பை அணைத்தார், கம்பியை வெட்டினார், சாக்கை உருவினார், பின்னாலிருந்து இரண்டே தட்டு. வளையம் வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்து உருண்டு, என் காலடியில் வந்து சாய்ந்தது. மறுநாள் துறைமுகம் வரைக்கும் சக்கரம் ஒரு சத்தம் போடவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

கொஞ்ச நாள் என்று போனது நாலு வருஷமாயிற்று. அவர் கடிதங்களில், நலம், நலமறிய ஆவல் என்று இருக்கும். வா என்று இருக்காது. எழுதட்டும் என்று நான் வீம்பாக இருந்தேன். பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். புது நாட்டுக்கு நுழைவுத்தாள் கிடைக்கவும் நாளாயிற்று. கடைசியில் வெட்கத்தை விட்டு நானே வருகிறேன் என்று எழுதினேன். அதே வேனோடு துறைமுகத்தில் நின்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அலமாரியில் எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் அந்த வளையம். இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரோ அதற்குள் தனியாகச் சமைத்து, நின்றபடியே சாப்பிடப் பழகிவிட்டிருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த நாலு வருஷத்தில் பிறந்திருக்க வேண்டியவர்கள் என்று நான் சில முகங்களை நினைத்துக்கொள்வதுண்டு. சண்டையில்லாமல், சத்தமில்லாமல் இருபத்தெட்டு வருஷம் ஓடியது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், ஒரு மதியம், கஞ்சியை ஊட்டிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்குச் சாக்க விட்டியே, சூடு பட்டுத்தான விட்ட?" என்று கேட்டார். எந்தச் சாக்கு என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நாலு வருஷமும் என் வாயடைப்பால் போனது என்று ஆகிவிடும். அந்த வயதில் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. "ஆமாங்க, சூடு தாங்கல" என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்" என்று தலையை ஆட்டினார். "ஒனக்குச் சுடக் கூடாதுன்னுதான் கம்பி போட்டுக் கட்டினேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "வேணும்னே விட்டிருந்தீன்னா, அந்த வளையத்த அங்கயே கெடன்னு விட்டிருப்பேன்." கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுகூட நேரம் இருந்தது. துண்டை மடித்து வைத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன். நாலாம் நாள் அவர் இல்லை.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் வேறு கடை வந்துவிட்டது; பின்னாலிருக்கும் வீட்டில் நான் மட்டும் இன்னும் இருக்கிறேன். செட்டி அம்மாவின் மருமகள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, மாமியார் கேட்ட அதே கேள்வியை என்னிடம் கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். காலையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் புட்டியைத் தூக்கும்போது வளையம் மட்டும் அலமாரியில் வெறுமனே கிடக்கும். தொட்டால் சில்லென்றிருக்கும். அதனிடம்தான் சொல்கிறேன், ஆள் இருக்கும்போது சொல்லாததை. சாக்கு நல்ல ஈரமாகத்தான் இருந்தது. எனக்குக் கை சுடவே இல்லை.