சென்னையில் எங்கள் ஊர் நோட்டை வாங்கிய தாய்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இதை எழுத எனக்கு நான்கு வருடம் பிடித்தது. எத்தனையோ முறை பேனாவை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறேன். என் ஜெபம் கேட்கப்பட்டது உண்மை. கேட்கப்பட்ட விதத்தை நினைத்தால் இன்றும் அழுகைதான் வருகிறது.

என் கணவர் நகரசபைத் தொழிலாளி. இருதய வால்வு பழுதாகி, மஹய்யாவையில் எங்கள் வீட்டுப் படியைக்கூட ஏற முடியாமல் போனார். சென்னையில் ஆப்பரேஷன் என்று முடிவானது. புறப்படும் முன் சபைப் பெண்கள் உறை உறையாகக் காசு வைத்து, கை வைத்து ஜெபித்துத் தந்தார்கள். கொழும்பிலேயே இந்தியக் காசாக மாற்றச் சொன்னார் கணவர். ஜெபித்த நோட்டை அந்நியர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே கொண்டுபோனேன். மிச்சத்துக்கு வங்கி அட்டை இருக்கிறதே என்ற தைரியம்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கவுன்டரில் அட்டை வேலை செய்யவில்லை. வெளிநாட்டில் பாவிக்க முன்கூட்டியே வங்கியில் சொல்லித் திறந்து வைக்க வேண்டுமாம். வங்கி இரகசிய எண் அனுப்பும் போனையும், அங்கே வேலை செய்யாது என்று மகளிடம் விட்டு வந்திருந்தேன். மகள் வங்கிக்கு ஓடினாள். அட்டையைத் திறக்க இரண்டு நாளாகும் என்றார்கள். பகல் இரண்டு மணிக்குள் முன்பணம் கட்டாவிட்டால், அடுத்த முறை மூன்று வாரம் கழித்துத்தான். அவ்வளவு நாள் தாங்க மாட்டார் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். காசு மாற்றும் கடைக்காரர்கள் எங்கள் நோட்டைத் தொடவே இல்லை.

கணவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒன் ஆண்டவர்கிட்ட சொல்லி இந்த நோட்ட இங்க செல்ல வையேன்" என்று சிரித்தார். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். உறைகளை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுது ஜெபித்தேன்.

கீழ்ப்படியில் இருந்த ஒரு முஸ்லிம் அம்மா திரும்பிப் பார்த்தார். "நீங்க நம்மட ஊரா?" என்று கேட்டார். அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திகனையாம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு கட்டு இந்திய நோட்டை எடுத்தார்.

"மகன்ட ஆப்பரேஷனுக்கு வச்சிருந்த சல்லி. அதுக்கு முந்தியே மௌத்தாகிட்டான். நேத்து இங்கயே அடக்கிட்டோம். ஆஸ்பத்திரிக் கடதாசி எடுக்கத்தான் வந்தேன்."

எனக்குக் கை நீட்ட வரவில்லை.

"புடிங்க தங்கச்சி. நாளைக்கு ஊருக்குப் போறேன். எனக்கும் ஊர்ச் சல்லி வேணும்தானே."

என் உறைகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்றரை மணிக்குப் பணம் கட்டினேன். கணவர் பிழைத்தார். இப்போது ஞாயிறு ஆராதனைக்கு நடந்தே வருகிறார். ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம். ஆனால் அன்று ஆப்பரேஷன் அறைக்கு வெளியே நான் அழுதது அந்தப் பிள்ளைக்காகவும்தான். ரிஸ்வான். பத்தொன்பது வயது. முன்பெல்லாம் என் வீட்டுக்காக மட்டுமே ஜெபிப்பேன். இப்போது அந்தத் தாய்க்காகத்தான் முதல் ஜெபம்.

வெளிநாடு போகிறவர்களே, அட்டையைத் திறந்து வையுங்கள், போனைக் கையோடு கொண்டுபோங்கள், நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டு கைமாறினால் ஜெபம் குறைந்துவிடாது. அப்படியும் கதியற்று எங்கேயாவது உட்கார நேர்ந்தால், ஆண்டவரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார்.

இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். தேவதூதன் வந்து பணம் தந்ததாகச் சிலர் இப்போதே சொல்கிறார்கள். தூதன் வரவில்லை. வந்தது திகனையைச் சேர்ந்த ஒரு தாய். பிள்ளையை அடக்கம் செய்து அவருக்கு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.