ஞானத்தாய் என்று போட்ட கையெழுத்து

கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘ஞானத்தாய்’ என்ற இடத்தில் என் கையெழுத்து இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது. அதைப் போட்ட கையை வெட்டினாலும் தகும்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கருமுட்டை மட்டும் மிச்சம். துபாயில் வேலைபார்த்த என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது, திருவனந்தபுரத்தில் எங்கள் இருவரின் கருவை உண்டாக்கி என் தங்கச்சியின் வயிற்றில் வைத்தார்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். “எக்கா, நான் சுமந்து தாறேன்” என்று அவளாகத்தான் சொன்னாள்.

இதைக் கோயிலில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் கடற்கரையில் ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் மருந்து சொல்வார்கள். அதனால், தங்கச்சிக்கு மூன்றாவது பிள்ளை, அதை அக்காவுக்கு வளர்க்கக் கொடுக்கிறாள் என்று கதை கட்டினோம். ஊர் நம்பியது.

பிரசவம் திருவனந்தபுரத்தில், பிறப்புப் பதிவில் என் பெயர் என்று ஏற்பாடு. எட்டாம் மாதமே வலி கண்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே கட்டிலில் கிடந்தவளின் பெயரைத்தானே அம்மா என்று எழுதுவார்கள்? எழுதினார்கள். பிள்ளை பிழைத்ததே பெரிது என்றிருந்த எங்களுக்குக் காகிதம் கண்ணில் படவில்லை.

ஞானஸ்நானத்துக்குப் பங்குச்சாமி அந்தச் சான்றிதழைப் பார்த்தே, தாய் என்று தங்கச்சி பெயரை எழுதினார். தொட்டியருகே பிள்ளையைக் கையில் ஏந்துவது ஞானத்தாய். எனக்கு அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. ஊர் முன்னால் என் மகளை நான் ஏந்தவேண்டும். முந்திக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். பெற்றவள் தன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்க முடியாது என்பது முதல் நன்மை அப்பம் வாங்கிய சிறுசுகளுக்குக்கூடத் தெரியும். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

இரண்டு வருடம் கழித்துக் குடும்ப விசா கிடைத்தது. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கவேண்டும். பிறப்புச் சான்றிதழில் தாய் பெயரை மாற்ற வழி கேட்டுப் போனபோது, நாகர்கோவில் வக்கீல் கோயில் பதிவேட்டு நகலை என் பக்கம் திருப்பினார்.

“இது உங்க கையெழுத்துதானே? பெத்தவ ஞானத்தாயா நிப்பாளான்னு ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லுவீங்க? டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்து நிரூபிக்கலாம். எத்தனை வருசம் இழுக்கும்னு தெரியாது. தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் பெத்தவங்களா நின்னு சம்மதம் குடுக்கட்டும், நீங்க கார்டியனா கேளுங்க. சீக்கிரம் முடியும்.”

போனில் வீட்டுக்காரர், “எப்படியாவது பிள்ளைய கொண்டு வா” என்றார். கோர்ட்டில், குழந்தைக்கு நான் பெரியம்மா என்று சத்தியம் செய்தேன். தங்கச்சி விம்மி அழுதாள். பிள்ளையைக் கொடுக்கிற தாய் என்று எல்லோரும் அவளுக்காக இரக்கப்பட்டார்கள். நான் அழ வழியில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், “ஒனக்க பிள்ளதானே எக்கா. பேப்பர்ல எவ பேரு கெடந்தா என்ன?” என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுடைய பெயர் அங்கே இருக்கிறது, அவள் சொல்லலாம். எனக்காக வயிற்றில் சுமந்தவள்மேல் அன்று எனக்குப் பொறாமை. அதை அவளிடம் சொன்னதேயில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டையும் கோர்ட் உத்தரவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டார்.

“குட்டியுடெ அம்ம எவிடெ?”

மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் கிடந்தாள். அப்போதுதான் பேச்சு நன்றாகப் புரிய ஆரம்பித்திருந்த வயது. அவள் காதைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன்.

“அம்மா ஊர்ல இருக்கா, சார்.”