ஆமைகளுக்கு ஒரு கண்ணாடி வீடு

ஆமை வீட்டுக்குள் வரக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். முற்றத்தில் நிற்கலாம், கராஜில் நிற்கலாம், வாசற்படியைத் தாண்டக் கூடாது. ஆமை நுழைந்த வீட்டில் நல்லது நடக்காது என்று எங்களுடைய ஆட்கள் நம்புவார்கள். அம்மா ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஆமையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவர். ஆனால் அந்த வருடம் அவர் எந்த நம்பிக்கையையும் கைவிடத் துணியவில்லை.

அந்த வருடம் மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் சண்டை மூண்டபோது அவர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் வெளிக்கிட்டதைக் கண்டதாக யாரோ ஒருவர் கொழும்பிலிருந்த எங்கள் உறவினரிடம் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, வந்தால் அந்த உறவினர் வழியாக, மெல்பேர்னில் நோபல் பார்க்கில் இருந்த எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வர வேண்டும். தொலைபேசி நடையில் ஒரு சின்ன மேசைமேல் இருந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே போவார்.

அதனால் வீட்டில் விதிகள் கூடின. விளக்கு வைத்தபின் தலை சீவக் கூடாது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது. "போறன்" என்று சொல்லக் கூடாது, திரும்பி வருவதையும் சேர்த்து "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இத்தனை விதிகளும் மாமாவுக்காகத்தான் என்று தெரியும். அதனால் எனக்கு மாமாமேல் கொஞ்சம் எரிச்சல்தான் இருந்தது.

இந்த நிலைமையில்தான் ஆமைகள் வந்து சேர்ந்தன. இரண்டு வீடு தள்ளியிருந்த வெள்ளைக்காரக் கிழவர் குயின்ஸ்லாந்தில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி, தான் வளர்த்த இரண்டையும் எனக்குத் தந்துவிட்டார். இந்த நாட்டு நீர் ஆமைகள். ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவு, மற்றது அதில் பாதி. ஓட்டைவிடக் கழுத்து நீளமாகத் தெரியும். பயந்தால் கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் கீழ் ஒளித்துக்கொள்ளும். ஆமை வளர்க்க லைசன்ஸ் எடுக்க வேண்டிய நாடு இது. அப்பா சந்தோஷமாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஊரில் செய்த தொழிலை இங்கே செய்ய லைசன்ஸ் கிடைக்காமல் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவருக்கு, கேட்டவுடனே கிடைத்த முதல் லைசன்ஸ் அதுதான்.

"உள்ளுக்குக் கொண்டு வரப்படாது," என்றார் அம்மா.

"ஆர் உள்ளுக்குக் கொண்டு வாறது? நான் வெளியில வீடு கட்டித் தாறன்," என்றார் அப்பா. "கண்ணாடி வீடு. இஞ்ச தக்காளிக்கே கட்டுறாங்கள்."

அப்பா அதற்குமுன் ஓர் ஆணி நேராக அடித்ததை யாரும் கண்டதில்லை. ஆனால் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் அவர் கீறிய படம் அழகாக இருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கேட்டு, மரச்சட்டம் போட்ட பழைய யன்னல்களைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். பின்வளவில், வேலியோரம், வெயில் நன்றாக விழுகிற இடத்தில், நாலு பக்கமும் யன்னல்களை நிறுத்திப் பொருத்தினார். கூரைக்கு இரண்டு பெரிய யன்னல்கள்; பிணைச்சல் போட்டுப் பெட்டியின் மூடிபோலத் தூக்குகிற மாதிரி. உள்ளே மணலும் கல்லும், நடுவில் சிப்பி வடிவத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் குளம். அது நான் சின்னவளாக இருந்தபோது குளித்தது.

வேலை முடிந்ததும் அம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்று பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது கக்கூஸ் யன்னல் எல்லே?"

"ஓம். புகார்க் கண்ணாடி, உள்ளுக்கு ஒண்டும் தெரியாது. அதுகளுக்கும் ஒரு மறைவு வேணும்."

அம்மா சிரித்தார். அந்த வருடம் அம்மா சிரித்ததை எனக்கு அடையாளம் வைத்துச் சொல்ல முடியும். அது ஒன்று.

கிழவரும் வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். மேலே ஒரு கை அளவு இடைவெளி விடச் சொன்னார், காற்றுப் போவதற்கு. குளிர்காலத்தில் இவை சாப்பிடாமல் தூங்கும், பயப்பட வேண்டாம், சும்மா விட்டால் போதும் என்றார். அப்பா தலையாட்டிக் கேட்டார். கிழவர் குயின்ஸ்லாந்துக்குப் போன கிழமையே குளிர் தொடங்கியது. ஆமைகள் சாப்பிடுவதை நிறுத்தின. எங்களுக்குப் பயம் பிடித்தது.

குளிரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அடைக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் யன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்து, கதவடியில் அப்பா உடுக்கிற சாரத்தைச் சுருட்டி வைத்து, மூன்று பேரும் ஒரே அறையில் படுத்துக் கிடந்தோம். இப்போது அப்பா ஆமை வீட்டில் கிழவர் விடச் சொன்ன இடைவெளிக்குப் பலகை அடித்தார். மிச்ச இடுக்குகளுக்குத் துணி தேடி வந்தபோது அம்மா ஒரு பழைய நூல்சேலையை எடுத்து நீளநீளமாகக் கிழித்துக் கொடுத்தார்.

"நீர்தானே ஆமை கூடாது எண்டனீர்?" என்றார் அப்பா.

"கூடாதுதான். அதுக்காக விறைச்சுச் சாகவே?"

ஆமைகள் சாகவில்லை. வசந்தம் வந்ததும் மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்தன. அப்பா அதைத் தன் கட்டட வேலையின் வெற்றியாக எடுத்துக்கொண்டார். அடைத்த துணியை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மெல்பேர்னில் வசந்தம் என்பது காலையில் கம்பளி ஜம்பரும் மத்தியானம் விசிறியும் தேவைப்படுகிற காலம் என்பதை நாங்கள் இன்னும் முழுதாக நம்பவில்லை.

அந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்லுமுன், இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும். போன கிழமை புழுதிக் காற்றோடு இடிமழை வந்த பின்னேரம், என் மகனுக்கு மூச்சு எடுக்க முடியாமல் போனது. பன்னிரண்டு வயது. அதற்குமுன் இழுப்பு வந்ததே இல்லை. உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். இதை எழுதும்போது அடுத்த அறையில் அவன் விளையாடுகிற கேமின் சத்தம் கேட்கிறது. சத்தம் நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். "அம்மா, ஐ'ம் ஃபைன்," என்கிறான், திரும்பிப் பார்க்காமலே.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். மகரந்தம் நனைந்து வெடித்துச் சுவாசக் குழாயில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆம்புலன்ஸுக்குள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது நான் யோசித்தது வேறு. காலையில் அவன் பள்ளிக்கூடத்துக்குப் படியிறங்கிய பிறகு, தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டான் என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது. வழி முழுவதும் அது ஒன்றுதான் ஓடியது. அப்போது எனக்கு அம்மாவின் ஈரக் கைகள் நினைவுக்கு வந்தன.

சனிக்கிழமைகளில் அப்பா என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார். அந்தச் சனிக்கிழமை காலையில் குளிராக இருந்தது. பத்து மணிக்குமேல் வடக்கிலிருந்து காற்று மாறியது. இங்கே வடக்குக் காற்று என்றால் பாலைவனத்துக் காற்று. அடுப்பு வாயைத் திறந்தாற்போல முகத்தில் அடிக்கும். வகுப்பில் எல்லோரும் கொப்பியால் விசிறிக்கொண்டிருந்தோம். ஆமைகளைப் பற்றி நான் நினைக்கவில்லை. அப்பா நினைத்தார். பாதியிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் காரை விட்டார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் இரண்டு பேரும் பின்வளவுக்கு ஓடினோம். கூரைக் கண்ணாடி ஒன்று உடைந்து கிடந்தது. மரச்சட்டம் துணியோடு இறுகிப்போய், மூடி திறபடவில்லை என்று பிறகு தெரிந்தது. தேங்காய் உடைக்கிற கத்தி மணலில் கிடந்தது. குளத்துத் தண்ணீரில் கை வைத்தேன். குளிக்க ஊற்றி வைத்த தண்ணீர்போலச் சுட்டது. ஆமைகள் இல்லை. யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று நான் அழத் தொடங்கினேன். அப்பா கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் குந்தி, தான் அடித்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவைத் தேடி உள்ளே ஓடினேன். நடையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் மணலும். குளியலறைக் கதவு திறந்திருந்தது. அம்மா நிலத்தில் முழங்காலில் இருந்தார். குளியல் தொட்டியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். பெரிய ஆமை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சின்னது அசையவில்லை. அதன் கழுத்து கயிறுபோலத் தொங்கியது. தலை தண்ணீருக்குள் போகாமல் அம்மா அதைத் தன் உள்ளங்கையில் ஏந்தியிருந்தார். சேலைத்தலைப்பு நனைந்து, முன்கையில் கண்ணாடி கீறிய இரத்தம் காய்ந்திருந்தது.

"அம்மா, இதுகள் உள்ளுக்கு வந்திட்டுதே," என்றேன். எனக்கு அதுதான் முதலில் பட்டது.

"தெரியும் பிள்ளை."

"கராஜில வைச்சிருக்கலாமே?"

"கராஜ் தகரம். வெளியில குழாய்த் தண்ணியும் கொதிக்குது. வேற எங்க கொண்டு போறது?" பிறகு என்னிடம் அல்லாமல், தொட்டியைப் பார்த்துச் சொன்னார்: "என்ர கையாலதான் தூக்கிக்கொண்டு வந்தனான். ரெண்டையும்."

அப்போது நடையில் தொலைபேசி அடித்தது.

தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது. வழமையாக முதல் மணியிலேயே குசினியிலிருந்து ஓடி வருகிற அம்மா எழும்பவில்லை. நான் போகத் திரும்பினேன்.

"எடுக்காதை."

மணி நின்றது. உடனே மறுபடி தொடங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் ஆமையின் தலையை விடவில்லை. இப்படி அடிக்கிற மணியைச் சும்மா விட எனக்குப் பொறுமை இல்லை. ஓடிப் போய் எடுத்தேன். எங்களுக்குப் படிப்பிக்கிற ஆசிரியை. தமிழ்ப் பள்ளிக்கூட அன்ரி.

"பிள்ளை, ஏன் பாதியில போனனீங்கள்? அம்மா நிக்கிறாவே? அடுத்த கிழமை கலைவிழாவுக்கு அம்மா வடை கொண்டு வாறாவோ மோதகமோ எண்டு ஒருக்காக் கேள்."

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுக் குளியலறை வாசலில் போய் நின்று சொன்னேன்.

"ஆர்?" என்றார் அம்மா.

"அன்ரி. தமிழ்ப் பள்ளிக்கூட அன்ரி. வடையோ மோதகமோ எண்டு கேக்கிறா."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. வடையோ மோதகமோ?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தொட்டி விளிம்பில் நெற்றியை வைத்து, தோள் குலுங்கக் குலுங்க, அது சிரிப்பா அழுகையா என்று பிரித்தறிய முடியாமல். கையின் ஆட்டத்தாலோ என்னவோ, சின்ன ஆமை மெல்லக் கழுத்தை நீட்டி, தலையை ஒரு பக்கம் திருப்பி, ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது.

"ரெண்டும் கொண்டு வாறன் எண்டு சொல்லு," என்றார் அம்மா. "எவ்வளவு வேணுமெண்டாலும் சுட்டுத் தாறன் எண்டு சொல்லு."

மாமாவைப் பற்றிய செய்தி அடுத்த பொங்கலுக்குக் கிட்டத்தான் வந்தது. நல்ல செய்தி. இப்போது சிட்னியில் இருக்கிறார், பேரப்பிள்ளைகளோடு. என் மகன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று தடவை தொலைபேசியில் கேட்டார். அன்றைய கதையை அம்மா அவருக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இதொன்றும் ஒருவருக்கும் தெரியாது. ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு நான் தொலைபேசிக்கு ஓடினேன். அன்ரியிடம் வடையும் மோதகமும் என்று சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போன வருடம் வடை சுடச் சொன்னதற்கு நாள் முழுக்க முணுமுணுத்தவர் அம்மா. இந்த முறை கலைவிழா மிகப் பெரிதாக நடக்கப் போகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.