சோப்பு கலக்காத வேப்பெண்ணெய்

வேப்பெண்ணெயும் தண்ணீரும் சேரவே சேராது. வாழைக்கு மருந்தடிக்கும்போது சோப்புக் கரைசல் ஊற்றினால்தான் இரண்டும் பால்போலக் கலந்து, இலையில் பரவிப் பிடிக்கும். பதினோரு வயதிலேயே எனக்கு இது தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பரமத்தி வேலூர் பக்கம் எங்களுக்கு இலைவாழைத் தோட்டம். முகூர்த்த மாதம் நெருங்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்தைக் கலந்து கொடுக்கும் வேலையை அப்பா என்னிடம் விட்டிருந்தார். எனக்கோ வாழையிலையில் தண்ணீர் முத்து முத்தாக உருளுவதைப் பார்க்க வேண்டும். முந்தைய முறை சோப்பு கலந்ததும் துளிகளெல்லாம் இலையோடு இலையாகப் படிந்து, என் விளையாட்டே கெட்டுப்போயிருந்தது. அதனால் கரைசலை வாய்க்காலில் கொட்டிவிட்டு, எண்ணெயையும் வெறும் தண்ணீரையும் வாளியில் ஊற்றிக் கொடுத்தேன்.

மருந்தடிக்க வருபவர் என் அப்பாவைவிட மூத்தவர். வாளியைக் குனிந்து பார்த்தார்.

“எண்ணெய் மேலயே நிக்குதுங்களே சாமி. சோப்புத் தண்ணி ஊத்துனீங்களா?”

“ஊத்தியாச்சு” என்றேன்.

குச்சியால் நன்றாகக் கலக்கி, டேங்கில் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டார். நான் அவர் பின்னாலேயே ஓடினேன். துளிகள் உருண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, இலை நுனியில் சொட்டின. அவ்வளவு அழகு. தண்ணீர் தீர்ந்த பிறகு, மேலே மிதந்த எண்ணெய் தனியாக இறங்கிக் கடைசி இரண்டு வரிசையில் கெட்டியாக விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த இலைகள் வெந்நீர் பட்டதுபோலக் கருகியிருந்தன. அப்பா சத்தம் போடுபவர் இல்லை. முதலில் என்னைக் கேட்டார். ஊற்றினேன் என்றேன். பிறகு மருந்தடித்தவர் பக்கம் திரும்பி, நீ சரியாகக் கலக்கவில்லையா என்று கேட்டார். பள்ளிக்கூடப் பையோடு மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்த என்னை அவர் ஒருமுறை பார்த்தார்.

“என்ற தப்புதானுங்க. சரியாக் கலக்காம உட்டுட்டனுங்க.”

அடுத்த முறை மருந்தடிக்க வேறு ஆள் வந்தார்.

தீபாவளிக்கு அந்தப் பழைய ஆள் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் வாங்க வந்தபோது, என் பங்கு முறுக்கையும் அவர் பையில் போட்டேன். நல்லா இருக்கோணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்தேன். என்மேல் உள்ள பிரியத்தில்தான் பழியை ஏற்றுக்கொண்டார் என்று வெகுகாலம் நம்பி, அதைப் பெருமையாகக்கூட எண்ணியிருக்கிறேன். உங்கள் மகள் பொய் சொல்கிறாள் என்று அவர் சொல்லியிருந்தால், அந்தத் தோட்டத்தில் யார் பேச்சு எடுபட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.