கோர்வை விழாத ரெக்கார்டு

எங்கள் ரெக்கார்டை யாராவது என் எதிரில் புகழ்ந்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கிற ஒருவர் போன மாதம் வீடு தேடி வந்து அதன் உறையை நீட்டினார். "சார், இதுல மிருதங்கம் நீங்கதானே? ஒரு கையெழுத்துப் போடுங்க." உறையில் நாங்கள் நான்கு பேரும் பூப்போட்ட சட்டையில், பட்டினப்பாக்கம் மணலில் ஒரு கட்டுமரத்தின் மேல் சாய்ந்து இளிக்கிறோம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். பிறகு போய்க் கையைக் கழுவிக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் அக்கா வீட்டு மொட்டை மாடியில்தான் நாங்கள் வாசிப்போம். சாந்தோமிலிருந்து வரும் கிட்டார்காரன், தி. நகரிலிருந்து சின்ன ஆர்கனை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வரும் ஒருவன், ட்ரம்ஸ் அடிக்கும் அவன் தம்பி, மிருதங்கத்தோடு நான். எங்களிடம் பாட்டு என்று ஒன்றும் கிடையாது. கிட்டார்காரன் எதையாவது ஆரம்பிப்பான், நாங்கள் பின்னாலேயே போவோம். அரை மணியும் ஓடும், ஒரு மணியும் ஓடும். பக்கத்தில் அக்கா வடாம் பிழிந்துகொண்டிருப்பாள்.

ஆனால் முடிப்பதற்கு மட்டும் ஒரு வழி வைத்திருந்தோம். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிகிற மாதிரி நான் ஒரு கோர்வை எடுப்பேன். ஒரே சொற்கட்டு மூன்று தரம் வரும். முதல் தரம் கேட்டதுமே மற்ற மூவரும் எங்கே சுற்றிக்கொண்டிருந்தாலும் திரும்பி வந்துவிடுவார்கள். மூன்றாவது தரம் முடிகிற இடத்தில் நான்கு பேரும் ஒன்றாக விழுவோம். கல்லூரி விழாக்களில் அந்த ஒரு இடத்துக்காகவே பையன்கள் பெஞ்சில் ஏறி நிற்பார்கள். அத்தனை நேரம் வாசித்ததும் அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

அக்காவின் வீட்டுக்காரர், என் அத்திம்பேர், சபாவில் முன் வரிசை ரசிகர். நாங்கள் கிட்டாரைச் சுதி கூட்டும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் போய்விடுவார். அதனால் எங்கள் கோர்வை அவர் காதில் விழுந்ததே இல்லை. தன் ஆபீசில் எனக்கு ஒரு குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். "தலையும் இல்லாம வாலும் இல்லாம என்னடா சங்கீதம் இது?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஆரம்பிப்பார். ரெக்கார்டு போடப் போகிறோம் என்றதும் அக்கா அவரிடம் ஒரு பேச்சு பேசி முடித்தாள். "பிளேட் வரட்டும். நம்மாத்துலயே போட்டுக் கேளுங்கோ. பிடிக்கலேன்னா அவன் ஆபீசுக்கு வரட்டும். பிடிச்சுதுன்னா அதுக்கப்பறம் அவனை ஒண்ணும் சொல்லப்படாது."

ரெக்கார்டு கம்பெனிக்காரர் வெள்ளை சஃபாரி போட்டவர். பேசும்போது தீக்குச்சியால் பல்லைக் குத்தி, குத்தினதை சோபாவின் கைப்பிடியில் துடைப்பார். அதைப் பார்த்த அன்றே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"நல்லாத்தான் வாசிக்கிய தம்பி. ஆனா ஜனங்க வீட்ல உக்காந்து கேக்கணும்லா? ஒவ்வொண்ணையும் மூணு நிமிசத்துல முடிங்க. கூடவே முணுமுணுக்க ரெண்டு வரி வைங்க" என்றார்.

அவர் முடிப்பதற்குள் கிட்டார்காரன் தலையாட்டிவிட்டான். கடலே பாட்டு, காற்றே பாட்டு என்று வசனம் பேசுகிறவன், ஒரே வாரத்தில் 'வா வா', 'லா லா' என்று பன்னிரண்டு பாட்டு கட்டிக்கொண்டு வந்தான். கேட்கும்போது நாக்கில் வெல்லப்பாகு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடைசிப் பாட்டின் முடிவில் என் கோர்வை வேண்டும். "அதுக்கென்ன தம்பி, தாராளமா" என்றார் கம்பெனிக்காரர். நானும் நம்பி, மொட்டை மாடியில் உட்கார்ந்து கோர்வையை நறுக்கி நறுக்கி, அரை நிமிஷத்துக்குள் அடங்குகிற மாதிரி செய்தேன். வடாம் பிழிகிற கையை நிறுத்தாமலே அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டூடியோ அடையாறில் ஒரு தோப்புக்குள் இருந்தது. உள்ளே கம்பளத்தில் பழைய சிகரெட்டும் ஈரமும் கலந்த நாற்றம். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் நாதம் கனக்க அப்பிய ரவை நாலு பொட்டு கீழே உதிர்ந்ததற்கு, மைக் வைக்கிறவர், "இன்னா நைனா, உப்புமா கிண்டவா வந்துகீறே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிட்டார்காரன்தான் அதிகமாகச் சிரித்தான். கம்பெனிக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மிக்சர் தின்றுகொண்டிருந்தார். கடைசிப் பாட்டில் என் கோர்வை சுத்தமாக விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். நான் அதையும் நம்பினேன்.

ரெக்கார்டு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிட்டார்காரனே எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். கூடத்தில் அத்திம்பேர் ஈசிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். 'வா வா', 'லா லா' எல்லாம் ஓடின. அத்திம்பேர் மூக்குப்பொடி போட்டார். கடைசிப் பாட்டு வந்தது. என் கோர்வை ஆரம்பித்தது. அவர் கை தானாகத் தொடைக்குப் போய்த் தாளம் போட்டது. முதல் தரம் முடிந்தது. இரண்டாவது தரத்தின் பாதியில் சத்தம் தேய்ந்தது. தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனது.

அத்திம்பேர் எழுந்து ட்யூப்லைட்டைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். "வோல்டேஜ் இறங்கிடுத்தோ?" என்று பிளேயரின் பின்னால் ஒயரை அழுத்தினார்.

"இல்ல சார், அது அப்டிதான்" என்றான் கிட்டார்காரன். "கடைசில சவுண்ட கொறச்சுட்டாங்க. இப்போ ஃபாரின்ல எல்லாம் இதான் ஸ்டைல்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"தெரியும் மச்சி. சொல்லிருந்தா நீ வாசிச்சிருப்பியா?" என்று இன்னொரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தான். உதட்டில் எண்ணெய் மினுங்கியது. சீ என்று போய்விட்டது எனக்கு. கோபம்கூட வரவில்லை. அவன் கை பட்ட தட்டைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

அப்போது தரையிலிருந்து சத்தம் வந்தது. அக்கா தட்டிக்கொண்டிருந்தாள். ரெக்கார்டு விட்ட இடத்திலிருந்து எடுத்து, வெறுங்கையால் தரையில், இரண்டாவது தரத்தை முடித்து மூன்றாவதையும் முழுசாகத் தட்டி, சரியான இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அவள் மிருதங்கம் கற்றவள் இல்லை. அத்திம்பேரின் கையும் அதே இடத்தில் தொடையில் விழுந்தது.

"பேஷ்! இதை ஏன்டா பிளேட்ல போடல?" என்றார்.

கிட்டார்காரன் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். அவன் போன பிறகு அத்திம்பேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆபீஸ் எங்கேயும் ஓடிடாது. நீ வாசிடா."

"யாரோட வாசிக்கறது, அத்திம்பேர்?" என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி ஆபீசுக்குப் போனேன்.