கோப்பைக்கு வளர்த்த தாடி

இந்த வருஷமும் எங்கள் ஊர் கிளப்புக்குக் கோப்பை இல்லை. வராது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மைதானத்தில் வேர்க்கடலை விற்கிறவருக்குக்கூடத் தெரிந்திருந்தது; லீக் முடிவதற்கு வெகுநாள் முன்பே அவர் கிரிக்கெட் ஆடுகிற பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தெரியாதவன் நான் ஒருவன்தான். அதற்குச் சாட்சியாக என் முகத்தில் ஐந்து மாதத் தாடி இருந்தது.

நான் பட்டுத்தறி நெய்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. செவ்வாய், வெள்ளி விரதம். குளித்துத் திருநீறு பூசாமல் தறியில் உட்கார்ந்ததில்லை. பீடி, குடி எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபுட்பால் பார்க்கப் போவது ஒன்றுதான் என்னிடம் இருக்கிற கெட்ட பழக்கம் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அவள் சொல்வது சரிதான். குடித்திருந்தால்கூட அங்கங்கே கொஞ்சம் சந்தோஷம் கிடைத்திருக்கும்.

ஆவணியில் முதல் ஆட்டம். வேலூர் அணி தனி வேனில் வந்து இறங்கியது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி தண்ணீர் பாட்டில். நம்மவர்களைப் பார்த்து அவர்கள் சிரித்ததை நானே பார்த்தேன். அந்த அணிக்கு நம்மவர்கள் ஐந்து கோல் போட்டார்கள். ஐந்தாவது கோல் விழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மைதானத்திலிருந்து நேரே எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் போனேன். கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னேன்: "தாயே, இந்த வருஷம் கோப்பைய நம்ம ஊருக்குக் கொண்டாந்துடு. அது வர்ற வரிக்கும் என் மொகத்துல கத்தி படாது. வந்த மறுநாளு உன் வாசல்ல மொட்டை."

என்னை யாரும் வேண்டிக்கொள்ளச் சொல்லவில்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருவனுக்கும் இது தெரியாது.

அடுத்த ஞாயிறு முள்ளிப்பட்டுப் பையன்களிடம் மூன்று கோல் வாங்கினார்கள். ஷேர் ஆட்டோவில் ஒருவர்மேல் ஒருவர் உட்கார்ந்து வந்த பையன்கள். மாற்று ஆள் உள்ளே போகவேண்டுமானால், வெளியே வருகிறவன் ஷூவைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். அவன் ஷூ கட்டி முடிக்கிற வரைக்கும் பத்துப் பேராக ஆடினார்கள். அந்தப் பத்துப் பேரைத் தாண்டிப் போக நம்மவர்களால் முடியவில்லை.

அதற்கப்புறம் வருஷம் பூராவும் இப்படித்தான். ஒரு வாரம் புலி, மறு வாரம் பொம்மை. புலி வாரங்களின் புண்ணியத்தில் கடைசி நாலு அணிக்குள் எப்படியோ தொற்றிக்கொண்டார்கள். கோல்கீப்பர் செய்யாறு கம்பெனியில் வேலை செய்கிறவன். பகல் ஷிப்ட் வாரத்தில் பந்து எங்கே போனாலும் பாய்ந்து பிடிப்பான். நைட் ஷிப்ட் வாரத்தில் கோல் கம்பத்தில் சாய்ந்து நிற்பான். பந்து வலையில் விழுந்த சத்தத்தில்தான் விழிப்பான். ஷிப்ட் இல்லாத நாளில் ஒரு ஆட்டம் வைத்துத் தரச் சொல்லி லீக்காரர்களைக் கேட்க, கிளப் செயலாளருக்கு வாய் வரவில்லை. மைக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் அரை மணி நேரம் வரும்.

முன்னால் ஆடுகிற பையனைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. நல்ல கால்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாராவாரம் முடி வெட்டிக்கொண்டு வருவான். ஒரு வாரம் பக்கவாட்டில் கோடு, ஒரு வாரம் உச்சியில் செம்பட்டைச் சாயம். கோல் போட்டாலும் தலையைத் தடவுவான், விட்டாலும் தலையைத் தடவுவான். அவனுக்காக இங்கே ஒருவன் முகத்தில் கத்தி படாமல் அரித்துக்கொண்டு நிற்கிறான். அவனானால் சலூனில் மாதாந்திரக் கணக்கு வைத்திருக்கிறான்.

தாடி வளர்ந்தது. தறியில் குனிந்து உட்காருகிறவனுக்குத் தாடி எவ்வளவு பேஜார் என்று வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒருநாள் நெய்து கொண்டுபோன மாம்பழ நிறச் சேலையை முதலாளி வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். முந்தானைக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இன்னாங்க இது? ஜரிகையோட உங்க நரைமுடியும் சேந்து வந்துகீது?"

நான் அதை ஊசியால் எடுத்துக் கொடுத்தேன்.

கார்த்திகை வந்தபோது, மலைக்கு மாலை போட்டிருக்கிறேன் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். சாமி, சாமி என்று மரியாதையாகக்கூடக் கூப்பிட்டார்கள். ஆனால் கழுத்தில் மாலை இல்லை, காலில் செருப்பு இருக்கிறது. பொங்கல் முடிந்து, மலைக்குப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து முகம் மழித்தாயிற்று. என் தாடி மட்டும் போகவில்லை. அப்புறம்தான் தெருப் பெண்கள் வேறு கணக்குப் போட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பெண்டாட்டி மாசமாக இருந்தால், பிள்ளை பிறக்கிற வரைக்கும் புருஷன் முகம் மழிக்கமாட்டான்.

எதிர்வீட்டுப் பெண்மணி மளிகைக் கடையில் வைத்தே கேட்டுவிட்டாளாம். "இன்னாக்கா, எங்ககிட்டகூடச் சொல்லல? அஞ்சு மாசம் இருக்குமா?"

என் வீட்டுக்காரிக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு பெண்ணுக்குத் தாய். வாங்கின புளியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள். "தோ பாருங்க," என்றாள். "இந்த வெள்ளிக்கெழமை களம்பூர்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள அந்தத் தாடி போவணும். இல்லன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

"ஞாயித்துக்கெழம செமி ஃபைனல். புதன்கெழம ஃபைனல். வியாழக்கெழம மொட்டை. வெள்ளிக்கெழம அவங்க வரும்போது சந்தனம் பூசின தலையோட நிப்பன். அம்மன்கிட்ட வாக்கு குடுத்துட்டு எப்பிடிடீ மாத்தறது?"

"செயிச்சாத்தான?" என்றாள். ஃபுட்பால் மைதானத்தைக் கண்ணால் பார்த்திராதவள்.

பெண்ணுக்கு வந்திருந்தது நல்ல இடம். பையன் அரிசி மில்லில் சூப்பர்வைசர். எங்கள் பெண்ணே போட்டோவைப் பார்த்துவிட்டு, அதைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனவள் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்கும் தெரியும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெறும் ஆட்டம் பார்க்கப் போகவில்லை; என் பெண்ணின் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் பார்க்கப் போனேன்.

ஹாஃப் டைமில் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். நான் மனசுக்குள் சந்தனம் குழைக்க ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் நம்மவர்கள் நம்மவர்களாக ஆனார்கள். எதிரணி கார்னர் அடிக்கும்போது கோல்கீப்பர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்படியே இறங்கி வந்தவன், யூனிபார்ம் பேண்டைக்கூட மாற்றவில்லை. ஒரு கோல். டிபென்ஸில் இரண்டு பேர், நீ எடு, நீ எடு என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டதில் இன்னொரு கோல். மூன்றாவது எப்படி விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. போட்டிருந்தால் சமமாகியிருக்கும். முன்னால் ஆடுகிறவன் பந்தை வைத்தான், தலையைத் தடவினான், ஓடிவந்து நடுவில் ஒரு நிறுத்து நிறுத்தி அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே, காம்பவுண்டுச் சுவருக்கும் மேலே போய் ரோட்டில் விழுந்தது. ஒரு நெல் லாரி அதன்மேல் ஏறி நசுக்கிய சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அந்த லாரிக்காரருக்கு அன்றைக்கு நான் மட்டும் கைதட்டினேன்.

வெளியே வரும்போது அவனே என் தோளில் தட்டினான். "வுடுண்ணா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

வழவழவென்று மழித்த அவன் கன்னத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்திருந்தால் ஐந்து மாத விரதம் வீணாகியிருக்கும்.

திங்கட்கிழமை தரகர் போன் செய்தார். சுற்றிச் சுற்றிப் பேசினார். கடைசியில், "அங்க ஒரு பேச்சு அடிபட்டுகினு கீதுண்ணா… பொண்ணுக்குத் தம்பியோ தங்கச்சியோ பொறக்கப் போவுதாமே?" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். பையன், அவனுடைய அப்பா, அம்மா, ஒரு அத்தை. பையனின் அப்பா என் தாடியைப் பார்த்தார், வேறு பக்கம் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். அவனுடைய அம்மா என் வீட்டுக்காரியின் வயிற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாய் திறந்து கேட்கவும் முடியாது. கேட்காததற்குப் பதில் சொல்லவும் முடியாது. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரி என்ன நினைத்தாளோ, எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே இருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனை ஒரே மூச்சில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் நடுவிலேயே நிமிர்ந்து நடந்தாள்.

பையனின் அம்மா பதறி எழுந்துவிட்டாள். "ஐயையோ, இந்த நேரத்துல தூக்காதீங்கம்மா! எறக்குங்க, எறக்குங்க!"

அப்போது உள்ளே அலங்கரித்து உட்கார வைத்திருந்த என் பெண், கூப்பிடாமலே வெளியே வந்தாள். "ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. எங்கப்பா ஃபுட்பால் டீமு கப்பு ஜெயிக்கணும்னு வேண்டிகினு தாடி வளத்துகினு கீறாரு. அவ்ளோதான்."

பையனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "எந்த டீமு? இந்த ஊர் டீமா? எங்க ஊருக்கு வந்து செம்ம ஒதை வாங்கிகினு போனாங்களே, அவங்களா?" சிரிக்க ஆரம்பித்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவங்கள நம்பி வளத்தீங்கன்னா, நாளைக்கு உங்க பேரன் அந்தத் தாடியில ஊஞ்சல் ஆடுவான்!"

அவர் பேரன் என்று சொன்னது என் காதில் விழவேயில்லை. வருஷம் பூராவும் அவர்களைத் திட்டியவன் நான். வேறொருவர் திட்டியதும் எனக்குச் சுருக்கென்றது. "வேலூருக்கு அஞ்சு கோல் போட்டோங்க," என்றேன்.

"அதுக்கப்புறம்?"

என் வீட்டுக்காரி தண்ணீர் கேனை இன்னும் இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. பையனின் அம்மாதான் முடிவாகச் சொன்னாள்: "எங்களுக்குப் பூரண சம்மதம். ஆனா சம்பந்தி தாடியோட மணவறையில நின்னா, எங்க சனம் மறுபடியும் சம்பந்தியம்மா வயித்தத்தான் பாக்கும். மொதல்ல தாடி. அப்புறம்தான் தாம்பூலம் மாத்தறது."

அவர்கள் போன பிறகு நான் தறிப்பக்கம் போய் உட்கார்ந்தேன். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதானே என்று மனசு அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரி வந்து நின்றாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அந்தப் பசங்களுக்காக அம்மன்கிட்ட நின்னீங்களே. நம்ம பொண்ணுக்குன்னு ஒருநாளு இந்த மாதிரி நின்னீங்களா?"

மறுநாள் காலையில் இருவரும் கோயிலுக்குப் போனோம். பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கோப்ப வர்றவரிக்கும்னுதான சொன்ன? வர்லன்னா இன்னா பண்றதுன்னு நீயும் சொல்லல, அவளும் கேக்கல. முடி எப்பிடியும் அவளுக்குத்தான். யார் பேரச் சொல்லிக் குடுக்கறன்னு இப்ப சொல்லு," என்றார்.

அம்மன் முன்னால் நின்றேன். தாயே, அவர்கள் பேரை எடுத்துவிடு. ஐந்து மாதம் நான் சுமந்தது அவர்களுக்குத் தகுதியில்லாத சுமை. இது என் பெண்ணுக்கு. அவள் போகிற வீட்டில் சிரிப்புச் சத்தம் இருக்கட்டும். நேற்றுப் பார்த்த வரைக்கும் இருக்கிறது. அந்தப் பதினோரு பேருக்கும் கோப்பை கொடுப்பதானால் கொடு, வேண்டாமென்று நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இனி அவர்களுக்காக உன்னிடம் வந்து கேட்கமாட்டேன். அவர்களையே வந்து கேட்கச் சொல், தலையைத் தடவிக்கொண்டு.

நாவிதர் தண்ணீர் தெளித்தார். என் வீட்டுக்காரி துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டாள். முதலில் விழுந்தது தாடிதான்.