மாதாவுக்கு முடி வளர்த்த வினோலியா

வினோலியா என்ற பேரை முதல்முதலாகக் கேட்டபோது குளிக்கிற சோப்பைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரருடைய கடைசித் தங்கச்சி மகன் தேவஆசீர்வாதம், புதூர் பக்கம் மானாவாரிக் காட்டில் உளுந்தும் மல்லியும் விதைக்கிறவன், ஒருநாள் வீட்டுக்கு வந்தான். "அத்தை, வர்ற ஞாயித்துக்கெழம வினோலியாவுக்கு ஞானஸ்நானம். நீங்களும் மாமாவும் கண்டிப்பா வரணும்" என்றான்.

"சோப்புக்கட்டிக்கு எதுக்குலே ஞானஸ்நானம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "மக பேரு அத்தை. அவ அம்மைக்குப் புடிச்ச பேரு" என்று சிரித்தான்.

போய்ப் பார்த்தால் பிள்ளை தலை நிறைய முடியோடு கிடந்தது. அது அம்மை வழி வந்த முடி. அவளைப் பெற்றவளுடைய அம்மை உட்காரும்போது சடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள், இல்லாவிட்டால் யார் காலிலாவது மிதிபடும். வினோலியாவுக்கும் அப்படியே வளர்ந்தது. கோவில்பட்டியில் எங்கள் பக்கத்துத் தெருவில் இஞ்ஞாசியம்மாளின் மகன் கிங்ஸ்டனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். அவனுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை, தண்டவாளம் பார்க்கிறவன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, சடையைப் பார்த்தது எல்லாருக்கும் தெரியும்.

கல்யாணமாகி ரெண்டு மூன்று வருசத்தில் கிங்ஸ்டனுக்கு டெங்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போட்டு, ரத்தத்தில் அணு குறைகிறது, இன்றைக்கு இவ்வளவு, நேற்றைக்கு அவ்வளவு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வினோலியா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நேர்ந்துவிட்டாள். "மாதாவே, இவியள எந்திரிக்க வச்சிரு. என் முடிய உனக்குத் தந்துருதேன்." கிங்ஸ்டன் எழுந்துவிட்டான்.

காமநாயக்கன்பட்டி மாதா கோவில் திருவிழா ஆகஸ்டு மாதம் வரும். அங்கே போய் முடி கொடுப்பதுதான் பேச்சு. ஆனால் திருவிழா முடிந்த கையோடு வினோலியாவின் தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாமியார் இஞ்ஞாசியம்மாள்தான் தடுத்தாள். "கூடப்பொறந்தவன் கல்யாணத்துல மொட்டத் தலையோட நிக்கவா? மாதா எங்கயும் போயிர மாட்டா. அடுத்த வருசம் குடு."

அந்த அடுத்த வருசத்துக்குள் முடி கொட்டத் தொடங்கிவிட்டது. சீப்பில் முடி, தலையணையில் முடி, குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொண்டு முடி. வரப்பு மாதிரி இருந்த வகிடு வண்டித்தடம் மாதிரி அகலமாயிற்று. அவள் வேலை பார்க்கிற கடலைமிட்டாய் கம்பெனியில் எல்லாரும் தலையில் தொப்பி மாட்ட வேண்டும். அந்த நேரம் மட்டும்தான் அவள் தலையைப் பற்றி நினைக்காமல் இருந்தாள்.

தெருவில் சும்மா இருப்பார்களா? "நேந்ததக் குடுக்காம வச்சிருந்தா. மாதாவே எடுத்துக்கிட்டா" என்றார்கள். அது அவள் காதில் விழுந்தது. என்னிடம் வந்து, "ஆச்சி, நேரும்போது எவ்வளவு முடி இருந்துச்சு! இப்ப இந்த எலிவாலக் கொண்டுபோயி எப்படிக் குடுக்க? மாதா மூஞ்சில எப்படி முழிக்க?" என்று கேட்டாள்.

ஊர் உலகத்தில் முடி வேண்டும் என்கிறவர்கள் எல்லாம் பூ வைக்கவும் போட்டோ பிடிக்கவும்தான் கேட்பார்கள். இவள் ஒருத்திதான் கொடுப்பதற்காகக் கேட்டவள்.

கிங்ஸ்டன் சொல்லிப் பார்த்தான். "மாதா என்ன தராசு வச்சு எடை போட்டா வாங்குதா? இருக்கதக் குடு."

"நீங்க பேசாதீங்க. உங்களுக்காக நேந்துட்டுத்தான் நான் இந்தப் பாடு படுதேன்."

அவன் கூட வேலை பார்க்கிற ஒருவன்தான் டெர்மா ரோலரைச் சொல்லிக் கொடுத்தது. போனில் சொல்லி வரவழைத்தார்கள். நானும் பார்த்தேன். கைக்கு அடக்கமான ஒரு பிடி, நுனியில் சின்ன உருளை, உருளை முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊசி. தொட்டால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருந்தது. அதைத் தலையில் மெதுவாக உருட்டினால் தோலில் பொடிப்பொடியாகக் குத்தும், குத்தின இடம் ஆறும்போது உறங்குகிற முடிவேர் முழித்துக்கொள்ளும் என்று போன் வீடியோவில் ஒருவர் பேசினாராம்.

மெதுவாக என்று அவர் சொன்னது இவளுக்குக் காதில் ஏறவில்லை. கரிசல்காட்டுப் பிள்ளை இல்லையா? "நெலத்த நல்லாக் கீறி விட்டாத்தான ஆச்சி ஈரம் எறங்கும்?" என்றாள். தினமும் ரத்தம் கசிகிற மட்டும் அழுத்தி உருட்டினாள். அந்தப் புண்ணின் மேலே சின்ன வெங்காயச் சாறு, அதற்கும் மேலே தேங்காய் எண்ணெய். ஒரே வாரத்தில் தலை முழுக்கச் சீழ்க் கொப்புளம். காதுக்குப் பின்னால் நெறி கட்டிக் காய்ச்சலும் வந்துவிட்டது. கிங்ஸ்டன் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான்.

"யாரும்மா உன்னை இப்படி உருட்டச் சொன்னது?"

"போன்ல சொன்னாவ."

"அழுத்தி உருட்டச் சொன்னாங்களா?"

"அது... நானாத்தான்."

டாக்டரம்மா முதலில் புண்ணை ஆற்றினார். ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் ரத்தமே இல்லை, முடி எப்படி நிற்கும் என்று கேட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். தலையில் தடவ ஒரு மருந்து. உருளை வேண்டும் என்றால் ஊசி குட்டையாக இருப்பதை வாங்கு, ஆறுவதற்கு இடைவெளி விட்டு மெதுவாக உருட்டு, ஸ்பிரிட்டில் கழுவி வை, உருட்டின அன்றைக்கு எண்ணெயும் வேண்டாம் மருந்தும் வேண்டாம் என்றார். "முக்கியமா ஒண்ணு. இது ரத்தம் படுற சாமான். உன் தலையில பட்டது இன்னொருத்தர் தலையில படக்கூடாது."

"பழையபடி வருமா டாக்டர்?"

"கொஞ்சம் வரும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

அந்தக் கொஞ்சத்தையே பெரிய வரமாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாதங்கள் போகப் போக வகிட்டு ஓரத்தில் பிள்ளைமுடி மாதிரி மெல்லிசாக முளைத்தது.

அந்தச் சமயத்தில் கிங்ஸ்டனுடைய அக்கா சலேத்மேரி நாகலாபுரத்திலிருந்து வந்தாள். அங்கே கட்டிக் கொடுத்த பெண். எப்போதும் மருதாணி வைத்த தலையில் பெரிய கொண்டை போட்டுக்கொண்டு திரிவாள். வந்ததும் வராததுமாக வினோலியாவின் தலையைத்தான் பார்த்தாள்.

"ஏட்டி, முளைச்சிருக்கே! அந்த உருளையக் கொண்டா. நானும் உருட்டிப் பாக்கேன்."

"வேண்டாம் மைனி. ஒருத்தருக்கு வச்சத இன்னொருத்தரு வைக்கக் கூடாதாம்."

அவ்வளவுதான். அந்த வீட்டுப் பழக்கம் அப்படி இல்லை. ஒரு பேன்சீப்பு வாங்கினால் அஞ்சு வீட்டுத் தலைக்குப் போய்த்தான் திரும்பி வரும். "எங்க தலையில என்ன சீக்கா இருக்கு?" என்று சலேத்மேரி கேட்க, இஞ்ஞாசியம்மாளும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் வினோலியா வேலைக்குப் போய்விட்டு வந்து டப்பாவைத் திறந்தால், ஊசிக்குள் மருதாணிச் சிவப்பு முடி ஒன்று சுற்றிக் கிடக்கிறது. அவள் உருளையை எடுத்துக் குப்பையில் போட்டாள். சலேத்மேரி பார்த்துவிட்டாள்.

"நான் தொட்டது குப்பையாட்டி?"

"மைனி, நான் அந்த அர்த்தத்துல..."

"அடுத்தவளுக்கு ஒரு சாமான் தர மனசில்லாதவ. நீ வளத்துக் குடுக்குற முடிய மாதா கையால தொடுவாளா?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வினோலியா தாங்கியிருப்பாள். எழுந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். பிறகு, "நான் போறேன் ஆச்சி. மைனி தலை என்ன பாடோ" என்று எழுந்துவிட்டாள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

அவள் போன நேரம் சலேத்மேரி பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். மடியில் சவுரி கிடக்கிறது. அத்தனை வருசமாக நாங்கள் பார்த்த கொண்டையில் பாதி அந்தச் சவுரிதான். தலைக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வழுவழுவென்று ஒரு சொட்டை. அதைச் சுற்றி உருட்டின தடம் சிவந்து போயிருக்கிறது. கையில் தேங்காய் எண்ணெய்.

"பாத்துட்டியா? போ, போயி ஊரெல்லாம் சொல்லு."

"எண்ணெய வைக்காதீங்க மைனி. எனக்கு அது வச்சுத்தான் சீழ் புடிச்சுது" என்று வினோலியா கையைப் பிடித்துக்கொண்டாள். சுத்தமான துணியை நனைத்து ஒற்றி எடுத்தாள். இதை எனக்குச் சொன்னது சலேத்மேரியேதான்.

மறுநாள் ரெண்டு பேருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள். இது புழுவெட்டு, இதற்கு உருளை வேண்டாம், மருந்து வேறே என்று சொல்லி வைத்தியம் தொடங்கினார். அதற்காக மாதாமாதம் சலேத்மேரி கோவில்பட்டிக்கு வந்து போனாள். கிங்ஸ்டன் வினோலியாவுக்கு வேறு உருளை வாங்கிக் கொடுத்தான்.

ஆகஸ்டு வந்தது. வினோலியாவின் முடி பழைய முடி இல்லை, பாதி தேறும். "இன்னும் ஒரு வருசம் பாப்போமா?" என்று இழுத்தாள்.

"இன்னும் ஒரு வருசம், இன்னும் ஒரு வருசம்னு கெழவியாயிருவ. வண்டில ஏறுட்டி" என்றாள் சலேத்மேரி.

நானும் போயிருந்தேன். நல்ல கூட்டம். வினோலியா முடி இறக்குகிறவர் முன்னால் உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். முந்தானையை ஏந்திக்கொண்டு சலேத்மேரி பக்கத்தில் நின்றாள். கத்தி போகப் போக முடி வந்து அதில் விழுந்தது.

"ஏட்டி, கண்ணத் தொற. ரெண்டு கையாலயும் அள்ளணும் போல இருக்கு, பாரு."

வினோலியா கண்ணைத் திறந்து பார்த்தாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, தோள் குலுங்கியது.

"யம்மா, தலைய ஆட்டாதீங்க, கத்தி பட்டுரும்" என்று அவர் அதட்டினார்.

அள்ளியெடுத்த முடியை அவளே கொண்டுபோய்ச் செலுத்திவிட்டு வந்தாள். அது போன வருசம்.

இப்போது வினோலியா கோவில்பட்டியில் கிங்ஸ்டன் வீட்டில் இருக்கிறாள். அதே கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போகிறாள். முடி காதைத் தாண்டி வளர்ந்திருக்கிறது.